தவறிப் பழக ஓர் இடம்: விளையாட்டில் மெய்நிகர் பாவனைக் கருவிகள்

ஒரு விளையாட்டைப் புதிதாகக் கற்க வருபவர் முதல் சில வாரங்களில் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி பெரும்பாலும் 'எப்படி ஆடுவது' என்பதன்று, 'இது எனக்கு வருமா' என்பதே. மட்டையைப் பிடிக்கும் முறையையும் கால் வைக்கும் இடத்தையும் இடுப்பைத் திருப்பும் கோணத்தையும் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் பத்துப் பந்துகளில் எட்டு வலையில் போய் விழுகிற அந்தக் காலத்தில், நாளைக்கும் களத்துக்கு வரவேண்டும் என்ற எண்ணத்தை எந்தப் பாடமும் தானாக உண்டாக்கிவிடாது. பாதியில் விட்டுப் போகிறவர்களில் பலரும் தங்கள் கேள்விக்கு 'வராது' என்று அவசரப்பட்டு விடை எழுதிக்கொண்டவர்கள். அந்த விடையை எழுதும் அளவுக்கான சான்று அவர்களிடம் அப்போது இருந்ததே இல்லை. கணினி உருவாக்கும் மெய்நிகர் களங்கள் தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு ஏதேனும் உதவி செய்கின்றன என்றால், அது இந்த இடத்தில்தான்: விடை எழுதுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் சான்றைத் திரட்ட அவை அவகாசம் கொடுக்கின்றன. அப்படித் திரட்டிய சான்று உண்மையான களத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே இத்துறை ஆராய்ச்சியின் மையச் சிக்கல்.

சிமுலேட்டர் என்று வழங்கும் பாவனைக் கருவி, ஒரு செயலைச் செய்யும்போது கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எட்டும் உணர்வுகளில் தேவையானவற்றை மட்டும் செயற்கையாக உண்டாக்கி, செய்பவரின் அசைவுக்கு ஏற்ப அவற்றை உடனுக்குடன் மாற்றிக் காட்டும் ஏற்பாடாகும். அந்தக் காட்சியைக் கணினி வரைந்து காட்டும்போது மெய்நிகர் என்ற அடைமொழி சேர்கிறது. கோல்ஃப் பயிற்சிக்கூடத்தில் பந்து போய் மோதும் பெருந்திரையும், வீட்டுக் கூடத்தில் நிறுத்திவைத்த சைக்கிளுக்கு முன்னால் ஓடும் சாலையும், கண்ணை முழுவதும் மூடிக்கொள்ளும் ஹெட்செட்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. மேலே சொன்ன இலக்கணத்தில் 'தேவையானவற்றை மட்டும்' என்ற சொற்களே உயிரானவை. எது தேவை, எது அலங்காரம் என்று பிரித்தறியாமல் உருவாக்கிய கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அது கேளிக்கைப் பொருளாகத்தான் முடியும்.

இந்தப் பிரித்தறிதலைப் புரிந்துகொள்ள, விளையாட்டுக்கு வெளியே, விமானப் பயிற்சியின் வரலாற்றுக்குள் போகவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் நகரில் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க், விமானம் ஓட்டக் கற்பதற்கு ஆகும் செலவைப் பார்த்து, தரையிலேயே அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதியைத் தர முடியுமா என்று யோசித்து, ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்றூதும் துருத்திகளையும் பம்புகளையும் கொண்டு 1929-இல் ஒரு பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். குட்டையான இறக்கைகள் ஒட்டிய அந்தப் பெட்டி, உள்ளே அமர்ந்தவர் விசையைத் திருப்பும்போது துருத்திகள் ஊதியும் சுருங்கியும் சாய்ந்து நிமிர்ந்தது. விமானப் பள்ளிகள் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. காசு போட்டு ஏறி இறங்கும் விளையாட்டுப் பொருளாகக் கேளிக்கைப் பூங்காக்களே முதலில் வாங்கின. 1934-இல் அமெரிக்க அரசு விமான அஞ்சல் பணியைத் திடீரென ராணுவத்திடம் ஒப்படைத்தபோது, மேகத்துக்குள்ளும் இரவிலும் ஓட்டிப் பழகாத இளம் விமானிகள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து விபத்தில் இறந்தனர். அதன் பிறகே ராணுவம் அந்தப் பெட்டிகளில் ஆறை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள் அதில் பயின்றிருந்தார்கள்.

லிங்க் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே வானமும் இல்லை, தரையும் இல்லை. கண்முன் இருந்தவை திசைகாட்டியும் உயரமானியும் வேகமானியும் போன்ற சில முகப்புகள் மட்டும். மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கும் அவ்வளவுதான் தெரியும். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு 'நேராகத்தான் போகிறோம்' என்று சொல்லிக்கொண்டிருக்க, முகப்பு 'சாய்ந்துகொண்டிருக்கிறாய்' என்று காட்டும்போது, உடலின் சொல்லைத் தள்ளிவிட்டு முகப்பின் சொல்லை நம்பப் பழகுவதே அங்கே கற்கவேண்டிய பாடம். பெட்டி அந்த ஒரு பாடத்துக்குத் தேவையான உணர்வைத் துல்லியமாகத் தந்து, மற்றவற்றைக் கைவிட்டது. தோற்றத்தில் விமானத்தைப் போல இல்லாமலே அது விமானியின் மனத்தை விமானத்தில் இருக்கும் நிலைக்குக் கொண்டுபோனது. இன்றைய ஆய்வாளர்கள் தோற்ற ஒப்புமை, உளவியல் ஒப்புமை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதன் வேர் இதுதான். தொடக்கநிலைப் பயிற்சியில் இரண்டாவதே மேலானது என்று துணிந்து சொல்லலாம்.

'எனக்கு வருமா' என்ற கேள்விக்கு உளவியலில் முறையான பெயர் கொடுத்தவர், கனடாவில் பிறந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் பண்டூரா. குறிப்பிட்ட ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் கொள்ளும் மதிப்பீட்டைத் தன்திறன் நம்பிக்கை என அவர் 1977-இல் வகைப்படுத்தினார். பொதுவாகச் சொல்லப்படும் தன்னம்பிக்கையிலிருந்து இது வேறுபட்டது: கணக்கில் தன்திறன் நம்பிக்கை மிகுந்த ஒருவருக்கு நீச்சலில் அது அறவே இல்லாமல் இருக்கலாம். இந்த நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து சுரப்பதாக அவர் கூறினார்: தானே செய்து வெற்றி கண்ட அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காணுதல், பிறர் தரும் ஊக்கச் சொல், படபடப்பும் வியர்வையும் போன்ற உடல் நிலைகளுக்குத் தான் கொள்ளும் பொருள். இவற்றுள் முதலாவதே வலியது. 'உன்னால் முடியும்' என்று நூறு பேர் சொன்னாலும், வலையைத் தாண்டி விழுந்த ஒரு பந்துக்கு அது ஈடாகாது.

பண்டூராவும் அவர் குழுவினரும் இந்தக் கருத்துக்கு வந்த வழியில் பாம்பச்சம் கொண்டவர்களோடு செய்த சோதனைகளுக்கு முக்கிய இடம் உண்டு. நஞ்சில்லாத பாம்பு ஒன்றை முதலில் தூரத்திலிருந்து பார்க்கவும், பிறகு சிகிச்சையாளர் அதைக் கையாளும்போது அருகில் நிற்கவும், பிறகு கையுறை அணிந்து தொடவும், கடைசியில் வெறுங்கையால் பிடிக்கவும் என்று படிப்படியாகக் கொண்டுசென்றபோது, வெறுமனே படம் பார்த்தவர்களையும் தளர்வுப் பயிற்சி செய்தவர்களையும்விட இவர்களின் அச்சம் மிகுதியாகக் குறைந்தது. அடுத்தடுத்த படிகளை எவ்வளவு சிறியனவாக வெட்டுவது, எந்தப் படியில் கையுறையைக் கழற்றுவது என்பதே அங்கே கைத்திறன். பாவனைக் கருவியும் நல்ல கைகளில் இருந்தால் அத்தகைய கையுறைதான்.

இரண்டாவது ஊற்றையும் மெய்நிகர் உலகம் விநோதமான முறையில் தொடுகிறது. ஜெஸ்ஸி ஃபாக்ஸ், ஜெரமி பெயிலன்சன் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் முகத்தைப் போலவே முகம் கொண்ட மெய்நிகர் உருவம் ஓடுவதைப் பார்த்தவர்கள், அந்த உருவம் சும்மா நின்றதைப் பார்த்தவர்களையும் அயலாரின் உருவம் ஓடியதைப் பார்த்தவர்களையும்விட அடுத்த 24 மணி நேரத்தில் கூடுதலாக உடற்பயிற்சி செய்ததாகத் தெரிவித்தனர். 'தன்னைப் போன்ற ஒருவர்' என்று பண்டூரா சொன்னது இங்கே தானாகவே ஆகிவிடுகிறது.

தொடக்கநிலை ஆட்டக்காரரின் மற்றொரு சுமை, பார்க்கும் கண்கள். உளவியலாளர் ராபர்ட் சயன்ஸ் 1965-இல் முன்வைத்த கருத்துப்படி, பிறர் முன்னிலை ஒருவரின் உடலைக் கிளர்ச்சி நிலைக்குக் கொண்டுசென்று, ஏற்கெனவே ஊறிப்போன பழக்கத்தை மேலெழச் செய்கிறது. ஆகையால் நன்கு பழகிய செயல் பார்வையாளர் முன் சிறக்கிறது, பழகாத செயல் குலைகிறது. இது மனித வெட்கத்தைக் கடந்த ஒன்று என்று காட்டுவதற்காக 1969-இல் அவர் குழுவினர் கரப்பான்பூச்சிகளைக்கூட ஓடவிட்டுப் பார்த்தனர்: நேர்ப் பாதையில், மற்றக் கரப்பான்பூச்சிகள் பார்த்திருக்க ஓடியவை வேகமாக ஓடின, திரும்பவேண்டிய பாதையில் அதே பார்வையாளர் முன் தடுமாறித் தாமதித்தன. விளையாட்டரங்கத்தில் தேர்ந்தவருக்குக் கைதட்டல் ஊட்டமாவதும், புதியவருக்கு அருகில் ஆடுபவரின் ஒரு பார்வையே கையைக் கட்டிப்போடுவதும் ஒரே விதியின் இரு முகங்கள். ஹெட்செட் அணிந்தவர் யாரும் பார்க்காத அறையில் நூறு பந்துகளைத் தவறவிடலாம். கருவி தரும் நன்மைகளில் இதுவே மிக எளியது. வரைகலைத் தரத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எல்லா விளையாட்டும் இந்த அறைக்குள் நுழைந்துவிடாது. டேபிள் டென்னிஸ் நுழைந்ததற்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதன் பந்தின் எடை 2.7 கிராம் மட்டுமே. பந்து ரப்பரைத் தொட்டு விலகும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மோதலின் செய்தி கையிலிருந்து மூளைக்குச் சேர்வதற்குள் பந்து போயே போய்விடும். ஆகவே ஆட்டக்காரர் 'பட்டது' என்று உணர்வது உண்மையில் நடந்து முடிந்த ஒன்றின் சிறு அதிர்வு; அதைக் கைப்பிடிக் கருவிக்குள் இருக்கும் ஒரு சின்ன அதிர்வு மோட்டாரால் கிட்டத்தட்டப் போலிசெய்துவிட முடிகிறது. 2.74 மீட்டர் நீள மேசையின் ஒரு முனையில் நின்றபடி ஆடப்படுவதால் பெரிய இடமும் தேவையில்லை. இதே வசதி டென்னிஸுக்குக் குறைவு, கால்பந்துக்கு அதைவிடக் குறைவு.

கற்பவர் முன் என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். ஹெட்செட்டை மாட்டியதும் அரங்கமும் மேசையும் தோன்ற, எதிர்ப்புறத்திலிருந்து ஒரு பந்து எழும்பி வருகிறது. முதல் முறை அவர் மட்டையை வீசும்போது பந்து ஏற்கெனவே கடந்து போயிருக்கும். கருவி ஈர்ப்பு விசையின் அளவைக் குறைத்தால் பந்து பூவைப் போல மிதந்து இறங்கும். அப்போது மட்டை அதைச் சந்திக்கிறது. அதே இடத்துக்கு, அதே உயரத்தில், அதே சுழலோடு இருபது பந்துகள் வருகின்றன. பன்னிரண்டு மேசையில் விழுந்ததும் ஈர்ப்பு கொஞ்சம் கூடுகிறது, பந்தின் வேகமும் கூடுகிறது. உண்மை அரங்கில் பயிற்சியாளர் கூடை நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிவிடும் மல்டிபால் பயிற்சியின் நோக்கமும் இதுவே. ஆனால் மனிதக் கை களைத்துப்போகும், ஐம்பதாவது பந்தும் முதல் பந்தும் ஒன்றாக இராது, எல்லாவற்றுக்கும் மேலாக அவரால் புவியீர்ப்பைக் குறைக்க முடியாது. பந்து விழுந்தவுடன் அது வந்த வழியும் மட்டை திரும்பிய கோணமும் கோடாக வரையப்பட்டுக் கண்முன் தொங்குகின்றன. தவறு எங்கே என்று தேடாமலே தெரிகிறது.

இந்த ஏற்பாடு பலிக்கிறதா என்ற கேள்விக்கான விடைகள் ஹெட்செட்டுகள் கடைக்கு வருவதற்கு வெகு முன்பே தொடங்கின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இமானுவேல் டொடோரோவும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட சோதனையில், டேபிள் டென்னிஸின் கடினமான ஓர் அடியைக் கணினித் திரையில், பயிற்றுநரின் மட்டை அசைவையும் தம் மட்டை அசைவையும் ஒருசேரக் கண்டு பழகியவர்கள், உண்மையான மேசைக்கு வந்தபோது, அதே அளவு நேரம் நேரடியாகப் பழகியவர்களைவிடச் சிறப்பாக அடித்தனர். ஒரு சூழலில் கற்றது மற்றொரு சூழலில் கைகொடுப்பதை உளவியலார் பயிற்சி மாற்றம் என்பர். பாவனைக் கருவியின் முழு வழக்கும் இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. 2019-இல் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஹெட்செட்டில் டேபிள் டென்னிஸ் பழகியவர்கள் உண்மையான ஆட்டத்தில் முன்னேறியிருந்தனர். ஆயினும் அவர்களோடு ஒப்பிடப்பட்டவர்கள் எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள் என்பதை மறக்கலாகாது. அந்த ஆய்வு மெய்நிகர்ப் பயிற்சி சும்மா இருப்பதைவிட மேல் என்று நிறுவுகிறது. மேசையில் பெறும் பயிற்சியைவிட மேல் என்று அது சொல்லவில்லை. விற்பனையாளர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கம்.

இந்த ஐயத்துக்குச் சரியான பதில் தேடியவர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராப் கிரே. 2017-இல் வெளிவந்த அவரது பேஸ்பால் ஆய்வில் 80 ஆட்டக்காரர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட, அவற்றுள் மூன்று ஆறு வாரங்களுக்கு வாரம் இருமுறை 45 நிமிடக் கூடுதல் பயிற்சி பெற்றன. ஒரு குழுவுக்கு ஆட்டக்காரரின் தேர்ச்சிக்கு ஏற்பக் கடினம் கூடிக் குறையும் மெய்நிகர்ப் பயிற்சியும், மற்றொன்றுக்கு அவ்வாறு மாறாத மெய்நிகர்ப் பயிற்சியும், மூன்றாவதற்குக் கூடுதல் நேரடிப் பயிற்சியும் அளிக்கப்பட, நான்காவது குழு வழக்கமான பயிற்சியோடு நின்றது. பெரும்பாலான அளவைகளில் முதல் குழுவே முந்தியது. இங்கே கவனிக்கவேண்டியது, மெய்நிகர் என்பதாலேயே பயன் விளையவில்லை என்பது: கடினம் மாறாத மெய்நிகர்ப் பயிற்சி பெற்றவர்களும் அதே மெய்நிகர் உலகில்தான் இருந்தார்கள். பயன் தந்தது, ஆட்டக்காரரின் கைக்கு எட்டும் தூரத்துக்குச் சற்றே அப்பால் இலக்கை வைத்துக்கொண்டே போகும் ஏற்பாடு. கிரேயின் ஆட்டக்காரர்கள் தொடக்கநிலையினர் அல்லர் என்றாலும் அந்தப் படிமுறைத் தத்துவம் புதியவருக்கு இன்னும் பொருந்தும்.

பின்னூட்டம், அதாவது செய்த செயலின் விளைவு குறித்துச் செய்தவருக்குத் திரும்பக் கிடைக்கும் தகவல், கருவியால் அளவின்றித் தர இயல்வது. அதுவே அதன் ஆபத்தும் ஆகும். 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி எழுதியபோது, ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் தகவல் பெற்றுப் பழகியவர்கள் பயிற்சியின்போது பிறரைவிட நன்றாகச் செய்தும், தகவல் நின்றதும் தடுமாறுகிறார்கள் என்று சுட்டிக்காட்டினர். துணைச் சக்கரம் பூட்டிய சைக்கிளை நன்றாக ஓட்டுகிற குழந்தையின் நிலை அது: துணைச் சக்கரம் சமநிலையைக் கற்பிக்கவில்லை, சமநிலை தேவைப்படாமல் செய்துவிட்டது. கண்முன் தொங்கும் வண்ணக் கோடுகளைப் பார்த்தே மட்டையைத் திருத்திப் பழகியவருக்கு, கோடு இல்லாத மேசையில் தன் மணிக்கட்டு சொல்வதைக் கேட்கத் தெரியாமல் போகும். ஆகவே நல்ல கருவி ஒரு கட்டத்துக்குப் பின் தகவலைக் குறைத்துக்கொள்ளவேண்டும். கேட்டால் மட்டும் காட்டவேண்டும்.

எந்தத் தகவலைத் தருவது என்பதும் ஊக்கத்தோடு பின்னியது. சுசெட்டே சிவியாகோவ்ஸ்கியும் கபிரியேல் வுல்ஃபும் 2007-இல் செய்த எறிதல் சோதனையில், ஆறு எறிதல்களுக்கு ஒருமுறை, அவற்றுள் சிறந்த மூன்றின் விவரத்தைக் கேட்டறிந்தவர்கள், மோசமான மூன்றின் விவரத்தைக் கேட்டறிந்தவர்களைவிடப் பின்னர் துல்லியமாக எறிந்தனர். தவறைச் சுட்டித் திருத்துவதே கற்பித்தல் என்று கருதும் வாத்தியார் மரபுக்கு இது கசப்பான முடிவு. இதே வுல்ஃப் 1998-இல் பனிச்சறுக்குப் பாவனை மேடை ஒன்றில் நடத்திய சோதனையும் இங்கே நினைக்கத்தக்கது. வளைந்த தண்டவாளத்தின் மேல் சக்கரங்களில் ஓடி, மீள்திறன் பட்டைகளால் நடுவுக்கு இழுக்கப்படும் அந்த மேடையில் நின்றவர்களுள், தம் பாதத்தின் அழுத்தத்தில் கவனம் வைத்தவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரங்களில் கவனம் வைத்தவர்கள் விரைவாகத் தேர்ந்தனர். சில சென்டிமீட்டர் வேறுபாடுதான். ஆனால் கவனம் உடலுக்குள்ளிருந்து செயலின் விளைவுக்கு நகர்ந்தபோது உடல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. மெய்நிகர்க் களத்தால் கற்பவரின் கண்ணை விளைவின் மேல் நிறுத்திவைப்பது எளிது. முழங்கையின் கோணத்தைப் பாகைக் கணக்கில் காட்டித் தொந்தரவு செய்வதும் அதே அளவு எளிது.

ஊக்கத்தைப் பற்றிப் பேசும்போது புள்ளிகளும் பதக்கங்களும் உடனே நினைவுக்கு வரும். எட்வர்டு டெசி 1971-இல் கல்லூரி மாணவர்களுக்குக் கனசதுரத் துண்டுகளை இணைக்கும் புதிர்களைக் கொடுத்து, தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு குழுவினருக்குப் பணம் கொடுத்தார். பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் தாமாகப் புதிரை எடுத்து விளையாடும் நாட்டம் அந்தக் குழுவில் குறைந்திருந்தது. ஒன்றை அதன் பொருட்டே செய்யும் விருப்பத்தை உள்ளார்ந்த ஊக்கம் என்பர். டெசியும் ரிச்சர்டு ரையனும் பின்னர் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி அது மூன்று தேவைகளால் வளர்கிறது: தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, தேர்ச்சி பெருகும் உணர்வு, பிறரோடு உறவு. பாவனைக் கருவி இரண்டாவதைத் தாராளமாகத் தருகிறது. முதலாவதையும் தரலாம், எந்த வேகத்தில், எத்தனை பந்து என்று கற்பவரே முடிவுசெய்ய விட்டாலே போதும். தனியறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் ஒருவருக்கு மூன்றாவதைத் தருவதுதான் கடினம்.

இனி, நம்பிக்கை மிகுந்துபோவதன் சிக்கல். கார்டாஸ், ஓ'பிரையன் என்னும் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டியபடி, ஈட்டி போன்ற சிறு டார்ட்டை இலக்கில் எறியும் காணொளியை 20 முறை பார்த்தவர்கள், ஒருமுறை பார்த்தவர்களைவிடத் தங்களுக்கு அது நன்றாக வரும் என்று நம்பினார்கள். எறிந்தபோது வேறுபாடு இல்லை. பாவனைக் கருவி வெறும் காணொளியைப் போன்றதன்று, அதில் உடல் அசைகிறது. ஆயினும் அசைவின் எளிமையே ஏமாற்றக்கூடும். எளிதில் கிடைத்த வெற்றிகளை மட்டும் கண்டவர்கள் முதல் தோல்வியிலேயே மனம் உடைந்துபோவார்கள் என்று பண்டூராவும் எச்சரித்திருந்தார். குறைந்த ஈர்ப்பில் இருபதுக்கு இருபது அடித்தவர், உண்மையான மேசையில் வரும் முதல் சுழற்பந்தைத் தொட்டதும் அது பக்கத்து மேசைக்குப் பறந்தால், முன்பிருந்ததைவிடக் கீழே விழுகிறார். ஏனெனில் இம்முறை 'பழகியும் வரவில்லை' என்ற சான்று சேர்ந்துகொள்கிறது.

இந்த வீழ்ச்சிக்குக் கருவியின் உடற்கூறும் காரணம். அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கிக் குவிகின்றன, விழிவில்லையும் அந்தத் தூரத்துக்கு ஏற்பத் தடிக்கிறது. ஹெட்செட்டிலோ கண்கள் பந்து இருப்பதாகத் தோன்றும் இடத்துக்குக் குவிய, வில்லை மட்டும் திரையின் நிலையான ஒளியியல் தூரத்திலேயே நிற்கவேண்டியிருக்கிறது. இந்த முரண் கண்ணைக் களைப்பாக்குவதோடு, கைக்கெட்டும் தூரத்தில் ஆழத்தைக் கணிப்பதையும் சற்றுப் பிசகவைக்கிறது. கண் நகர்வதாகவும் உட்காது நிற்பதாகவும் சொல்லும்போது எழும் குமட்டல் இன்னொன்று. சிலருக்கு அது பத்து நிமிடத்திலேயே வந்துவிடும், குமட்டலோடு முடிந்த முதல் வகுப்பு யாருக்கும் ஊக்கம் தந்ததில்லை. இவற்றைவிட வேடிக்கையானது, மேசையே அங்கே இல்லை என்பது. மெய்நிகர் மேசையில் வெகுநேரம் ஆடியவர் களைப்பில் அதன்மேல் கையூன்றப் போய்த் தரையில் விழுவதுண்டு. கண் அந்த அளவுக்கு நம்பிவிட்டது என்பதற்கும், உடலுக்கு அங்கே எதுவும் இல்லை என்பதற்கும் அந்த விழுகையே சாட்சி.

எதிரியின் உடலே விளையாட்டாக இருக்கும் இடங்களில் கருவி கிட்டத்தட்டக் கையை விரித்துவிடுகிறது. கபடியில் கணுக்காலைப் பிடித்த கையின் இறுக்கமும், மூச்சை அடக்கிப் பாடியபடியே உடலை வளைத்து நழுவும் நொடியும் எந்தத் திரையிலும் ஏறுவதில்லை. நீச்சலில் தண்ணீரின் தாங்குதலும் அவ்வாறே. கிரிக்கெட்டில் நிலைமை இரண்டுங்கெட்டான். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகப் பந்து மட்டையாளரை அடைய அரை நொடியே ஆகும் என்பதால், அவர் ஓடிவரும் பந்துவீச்சாளரின் தோளையும் மணிக்கட்டையும் படித்தே பந்து விழும் இடத்தை ஊகிக்கத் தொடங்குகிறார். குழாயிலிருந்து பந்தைத் துப்பும் பழைய பந்துவீச்சு இயந்திரம் அந்த ஊகத்துக்கு எதையும் தருவதில்லை; பந்துவீச்சாளரின் முழு அசைவையும் காட்டும் மெய்நிகர்க் களம் தருகிறது. ஆனால் விலாவில் பட்டுவிடுமோ என்ற அச்சத்தை அதனால் தர முடியாது. தொடக்கத்தில் அந்தக் குறை வரமாகிறது, பின்னர் அதுவே பள்ளமாகிறது.

கருவி முழுதாகக் கைகொடுக்கும் இடம், உடலின் உழைப்பு இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும் இடம். நிலைநிறுத்திய சைக்கிளில் மிதிக்கும் காலுக்கு மெய்நிகர்ச் சாலை எது, மெய்ச்சாலை எது என்ற வேறுபாடு இல்லை. ஸ்விஃப்ட் என்னும் மெய்நிகர் சைக்கிள் தளம் நடத்திய தேர்வில் 2020-இல் வென்று தொழில்முறை அணியில் இடம் பிடித்த ஆஸ்திரேலியாவின் ஜே வைன், 2022-இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் இரண்டு கட்டங்களை வென்றார். அவர் அதற்கு முன்பே உள்நாட்டுப் பந்தயக்காரர். கருவி அவர் காலின் வலுவை உலகுக்குக் காட்டியது, நூறு சைக்கிள்கள் உரசிக்கொண்டு ஓடும் கூட்டத்துக்குள் வண்டியை நடத்தும் கலையை அவர் சாலையில்தான் கற்கவேண்டியிருந்தது. கார்ப் பந்தய விளையாட்டின் வழியாக 2011-இல் தேர்வாகி, 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாவதாக வந்த பிரிட்டனின் ஜான் மார்டன்பரோவின் கதையும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவரோடு போட்டியிட்ட பல்லாயிரம் பேர் என்ன ஆனார்கள் என்று அந்தக் கதையைச் சொல்வோர் கேட்பதில்லை. புதியவரின் ஊக்கத்தைப் பற்றிச் சிந்திப்பவருக்கு வென்ற ஒருவரைவிட அந்தப் பல்லாயிரம் பேரே முக்கியமானவர்கள்.

ஹெட்செட்டை எப்போது கழற்றுவது என்ற கேள்விக்கு மேலே கண்ட ஆய்வுகளிலிருந்து ஒரு நடைமுறை விடை கிடைக்கிறது: பாம்பைத் தொட்ட கையுறையைப் போல, அச்சம் தணிந்தவுடன், தேர்ச்சி முற்றுவதற்கு முன்பே. அடியின் அடிப்படை வடிவம் கைக்கு வந்து, ஈர்ப்பு இயல்பு நிலையை எட்டி, பத்துப் பந்துகளில் ஆறேழு மேசையில் விழத் தொடங்கும் வாரத்திலேயே உண்மை மேசையில் பாதி நேரம் நிற்கவைப்பது தக்கது. அப்போது மேசையில் தவறும் பந்துகள் 'வராது' என்பதன் சான்றாகத் தோன்றமாட்டா. அறையில் வந்தது இங்கே ஏன் பிசகுகிறது என்ற ஆராய்ச்சிக்குரிய கேள்வியாகத் தோன்றும்.

அந்த மேசையில் அவர் முதலில் எதிர்கொள்ளும் புதுமை சுழலோ வேகமோ அன்று. மெய்நிகர்க் களத்தில் தவறிய பந்து மறைந்துபோகும், அடுத்தது காற்றிலிருந்து தோன்றும். இங்கே பந்து மேசைக்கடியில் உருண்டு, சுவரோரம் போய், யாரோ ஒருவரின் காலடியில் நிற்கிறது. குனிந்து பொறுக்கப் போனால் அங்கே இன்னொருவரும் தம் பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். பயிற்சி நேரத்தில் கணிசமான பகுதி இந்தப் பொறுக்கலிலேயே கழிகிறது என்பதால் கருவியை உருவாக்கியவர்கள் அதை வீண் என்று நீக்கிவிட்டார்கள். அரங்கத்துக்குத் தொடர்ந்து வருகிறவர்கள் ஒருவரோடொருவர் முதல் சொல்லைப் பேசிக்கொண்டது பெரும்பாலும் அப்போதுதான்.